வெயிலில் போட்ட பாலீஷ்

மறுநாள் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களைப் புதுக்கோட்டையிலிருந்து எங்கள் காரிலேயே அழைத்து வருவதாக அப்பா சொல்லியிருந்தார்.

சிங்கப்பூரிலிருந்து திரும்பிய கையோடு அப்பா அந்தக் கருநீலக் காரைப் பழையதாக வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. அவரும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்தியும் சரியாக ஒரு வருடம். சித்தப்பா கந்தர்வக்கோட்டையில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் வேலை பார்ப்பவர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அண்ணன் கார் வாங்கிவிட்டார் என்பதுதான் சங்கதி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். ஆனாலும் நிச்சயத்துக்கு அழைக்க அப்பா போகவில்லை, அம்மாதான் போனாள். சித்தப்பா, “பாக்கலாம் அண்ணி” என்றதோடு சரி.

அன்று உச்சிவெயிலில் அப்பா வாசலில் காரைக் கழுவி நிறுத்திவிட்டு பாலீஷ் டப்பாவைத் திறந்தார். பழைய பனியனைக் கிழித்து, எட்டு வயதான எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். நான் கதவுகள், அவர் மற்ற எல்லாம். முழுக் காருக்கும் பூசி முடித்துவிட்டுத் திரும்பினால், முதலில் பூசிய இடமெல்லாம் சுண்ணாம்பு மாதிரி இறுகிப்போயிருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. கார் திட்டுத்திட்டாக வெளுத்து நின்றது. அப்பா துணியைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சித்தப்பாவின் குரல் கேட்டது.

“பாப்பா, வெயில்ல பாலீஷ் போடக் கூடாதுன்னு ஒங்கப்பாகிட்ட சொல்லு.”

சொன்னேன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பாமலே பதில் சொன்னார்.

“போட்டாச்சு. இப்ப என்ன செய்யணும்னு ஒஞ்சித்தப்பாகிட்ட கேளு.”

“காரை செவத்தோர வேப்பமரத்தடிக்குக் கொண்டாரச் சொல்லு. மொதல்ல சூடு ஆறட்டும்.”

கார் நிழலுக்கு வந்ததும் சித்தப்பா சுவரைத் தாண்டி வந்தார். பானெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக் காத்திருந்து, காய்ந்த பாலீஷின் மேலேயே புதுப் பாலீஷைக் கொஞ்சமாகத் தடவி உடனே துடைத்தார். பழையதும் புதியதும் ஒன்றாகக் கழன்று வந்தன. ஒரு சாண் அகலத்துக்குக் கருநீலம் பளிச்சென்று தெரிந்தது.

அப்புறம் எனக்கு ஓயாத வேலை. துணியை மாத்தச் சொல்லு, கொஞ்சமா எடுக்கச் சொல்லு, கதவை யார் பாக்குறதுன்னு கேளு. ஒரே காரின் இரண்டு பக்கமும் நின்றவர்களுக்கு நடுவில் ஓடி ஓடிச் சொன்னேன். நான் இல்லாவிட்டால் இந்தக் காரியமே நடக்காது என்று பெருமையாக இருந்தது.

டிக்கிப் பக்கம் வந்தபோதுதான் அது நடந்தது.

“அண்ணே, அழுத்தாதீங்க. மெதுவாத் தேய்ங்க.”

“இது மட்டும் போகமாட்டேங்குதேடா.”

“விடுங்க, நான் பாக்குறேன். நீங்க அங்கிட்டுப் போங்க.”

நான் வாயைத் திறந்தபடி நின்றேன். “அப்பா, சித்தப்பா என்ன சொல்றாங்கன்னா...” என்று ஆரம்பித்தேன். “காதுல விழுந்துச்சு, தள்ளிக்க” என்றார் அப்பா.

அழுதுகொண்டே அடுப்படிக்கு ஓடினேன். “என்னய விட்டுட்டு அவங்களே பேசிக்கிறாங்கம்மா!”

அம்மா கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனாள். வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னை இழுத்து இறுக்கி அணைத்து, உச்சந்தலையில் முத்தம் கொடுத்தாள். வெளியே போய் அவர்களை நாலு வார்த்தை கேட்காமல் என்னை எதற்குக் கொஞ்சுகிறாள் என்று எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது.