அரை எட்டு

புதன்கிழமை பின்னேரம்தான் பாரிஸிலிருந்து தகவல் வந்தது. மறுநாள் மாலை நாலு மணிக்கு அண்ணையின் மூச்சு இயந்திரத்தை நிறுத்துவதாக மருத்துவர்கள் முடிவு செய்திருந்தார்கள். நான் முந்தின வாரமே போய்ப் பார்த்துவிட்டு ஜெர்மனிக்கு, கெல்சென்கிர்ச்சனுக்குத் திரும்பியிருந்தேன். அக்கா இன்னும் பார்க்கவில்லை. அவர் வந்து பார்க்கட்டும் என்றுதான் நாலு மணிவரை பொறுப்பதாக இருந்தார்கள், அதற்கு மேல் தள்ள முடியாதாம். வால்டோர்ஃபில் இருக்கும் அவரை நாலு மணிக்கு முன் அங்கே சேர்ப்பது என் பொறுப்பானது.

பிரான்ஸ் பக்கம் ரயில் வேலைநிறுத்தம். விமானங்கள் நிரம்பிவிட்டன. இரண்டு மணித்தியாலம் தேடியதில் ஒரே ஒரு பஸ் கிடைத்தது. மன்ஹைமில் காலை 7.30, எல்லைக்கு முன் கடைசித் தரிப்பான சார்ப்ரூக்கனில் 9.40, பாரிஸில் பிற்பகல் 3.30. அங்கிருந்து மருத்துவமனை பத்து நிமிடம். மிஞ்சுவது இருபது நிமிடம். பயணச்சீட்டை அக்காவின் கைபேசிக்கு அனுப்பிவிட்டு, "பஸ் அரை எட்டுக்கு" என்றேன்.

அக்கா ஏழரை என்று சொல்வதில்லை. ஏழரைச் சனி நடந்த காலத்தில் அந்தச் சொல்லை விட்டவர். ஜெர்மன்காரர் ஏழரை மணியை "ஹல்ப் அஹ்ட்" என்பார்கள். எட்டாக அரை மணி இருக்கிறது என்று பொருள். அது அவருக்கு வசதியாகப் போயிற்று. அதையே தமிழில் "அரை எட்டு" என்றார். பிறகு எல்லா அரை மணிகளும் அப்படியே ஆயின. நாங்கள் கேலி செய்து அலுத்து, கடைசியில் நாங்களும் அப்படியே பேசினோம்.

முப்பது நிமிடம் தள்ளியிருக்கும் மன்ஹைமுக்குக் காரில் கொண்டுபோய் விடுவதாகப் பக்கத்து வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர்க்காரர், மென்பொருள் பொறியாளர். அக்கா நேரத்தைச் சொன்னதும், ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுவதாகச் சொன்னாராம்.

காலை ஏழு மணிக்கு அக்காவை அழைத்தேன். கார்ச் சத்தம் கேட்கவில்லை. சுவர் மணிக்கூடு ஓடும் சத்தம் கேட்டது.

"அவர் இன்னும் வரேல்லை, தம்பி. வேலைக்குப் போற மனுசன், நித்திரையாக்கும். காலமை வெள்ளன ஆக்களின்ர கதவைத் தட்டுறதே?"

தட்டச் சொன்னேன். கைபேசி அக்காவின் கையிலேயே இருந்தது. கதவு திறந்தது. வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு அவர் பேசுவது எனக்குக் கேட்டது.

"எட்டரைக்குத்தானே அக்கா சொன்னீங்க? டைம் இருக்கே."

மன்ஹைம் பஸ் இனிக் கிடைக்காது. அதே பஸ்ஸைப் பிடிக்க நேரே சார்ப்ரூக்கனுக்குப் போகச் சொன்னேன். பாரிஸ்வரைகூட அவர் ஓட்டியிருப்பார். ஆனால் அவருடைய வதிவிட அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது, எல்லை தாண்ட முடியாது. முதல் தரிப்பில் ஏறாதவரின் இருக்கையை வைத்திருப்பார்களா என்று விதிகளில் தேடினேன். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

9.38க்கு அக்கா அழைத்தார்.

"ஏறிட்டன். பாவம், வழி முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தவர். உங்கட ஊரில அரையை எங்க வைக்கிறதெண்டு பள்ளிக்கூடத்தில படிப்பிக்கேல்லையோ எண்டு கேட்டன்."

நான் சிரித்தேன். அக்கா மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தார்.

"அண்ணிக்கு ராத்திரியே சொல்லிப்போட்டன், அரை நாலுக்கு வந்திடுவன் எண்டு."

"அண்ணி என்ன சொன்னவ?"

"அரை நாலுக்கோ எண்டு திருப்பிக் கேட்டவ. பிறகு, அப்ப சரி, டொக்டரிட்டச் சொல்லுறன் எண்டவ."

அண்ணி முப்பது வருடமாகப் பாரிஸில் இருப்பவர். ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாது. எங்கள் வீட்டுப் பேச்சும் அவருக்குப் பழக்கமில்லை. நாலரை என்று அவர் எடுத்திருந்தால், அக்கா நேரத்துக்கு வந்து சேரமாட்டார் என்றே நினைத்திருப்பார்; பிறகு நாலு மணிவரை காத்திருக்க அங்கே காரணம் இல்லை.

அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் வைத்தேன். அண்ணியை மூன்று முறை அழைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. நாலாம் முறை மணியும் அடிக்கவில்லை. 15.30 என்று இலக்கத்தில் எழுதி அனுப்பினேன். செய்தியின் கீழ் ஒற்றைச் சரி அடையாளம் விழுந்தது. போய்ச் சேர்ந்ததைக் காட்டும் இரண்டாவது விழவில்லை.