சடுகுடுவில் மூச்சு நின்ற வருஷம்

பொங்கலுக்கு மறுநாள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சடுகுடு நடக்கும். தோட்டத்தின் மேற்பாதி மேல்கணக்கு, கீழ்ப்பாதி கீழ்க்கணக்கு. இரண்டுக்கும் ஒரே துரை, ஒரே கோயில். மற்றபடி எதிலும் ஒத்துப்போக மாட்டோம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில்தான் கோடு கிழித்து ஆடுவோம். ஜெயிக்கிற பக்கத்துக்குத் துரை ஒரு கிடாய் கொடுப்பார். கறி ஒரு வேளைக்குத்தான் வரும். ஆனால் கிடாய் எந்தப் பக்கத்து லயக் குடியிருப்புக்குப் போகிறதோ, அவர்கள் அடுத்த பொங்கல் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லியே மற்றவர்களைக் குத்துவார்கள்.

இலங்கையில் தெமோதரைப் பக்கம் ரயில் பாதைக்காக மலையைக் குடைந்துகொண்டிருந்த காலம் அது. எனக்குப் பதினேழோ பதினெட்டோ இருக்கும். முந்திய பொங்கலில் நான் ஒரே ஏற்றத்தில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பி, கிடாயை மேல்கணக்குக்கு வாங்கிக் கொடுத்திருந்தேன். அன்றோடு என் நிம்மதி போயிற்று. கொழுந்து எடுக்கிற பெண்கள் செடிகளுக்கு நடுவிலிருந்து கூப்பிட்டு, "இந்த வருசமும் கெடா நமக்குத்தானே தம்பி?" என்பார்கள். கங்காணி என்னை இலேசான வேலைக்கு விட்டார். அம்மா தன் சோற்றிலும் பாதியை என் தட்டில் தள்ளினாள். எல்லாம் அன்புதான், இல்லையென்று சொல்லவில்லை. அதைச் சுமக்கத்தான் எனக்குத் தெம்பில்லை.

மார்கழியில் பழகத் தொடங்கினோம். எதிராளியின் எல்லைக்குள் போனால் "சடுகுடு சடுகுடு" என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டே தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். நடுவில் மூச்சு விட்டால் ஆள் வெளியே. எனக்குக் கோட்டைத் தாண்டியதுமே தொண்டை அடைத்தது. பாட்டு பாதியில் அறுந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. தூக்கம் போயிற்று. அம்மா தள்ளிய சோறு தட்டிலேயே கிடந்தது.

எங்கள் கட்சிக்குத் தலைவர், தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிற ஓர் அண்ணன். நல்ல மனுஷன், ஆனால் எதற்கும் ஒரு எதிரி வேண்டும் அவருக்கு. "இது செய்வினை" என்று முடிவு கட்டினார். கீழ்க்கணக்கில் ஆடுகிற என் தாய்மாமன் மகன் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தான். அது போதுமாயிற்று, அவன்தான் வைத்தான் என்று ஆகிவிட்டது. அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். பண்டாரவளையிலிருந்து தாயத்து வந்தது. தலைவர் தான் வளர்த்த சேவலையே முனிக்கு அறுத்தார். ஒவ்வொன்றும் முடிந்ததும் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். இத்தனை பேர் இத்தனை செய்தும் தேறவில்லையென்றால் நான் எதற்குத்தான் லாயக்கு என்று எனக்கே தோன்றியது. மூச்சு இன்னும் குறைந்தது. பெரகலைப் பக்கம் ஓடிப்போய் ஏதாவது ஒரு கடையில் நின்றுவிடலாமா என்று யோசித்தேன். அந்தக் காலத்தில் தோட்டத்தை விட்டு ஓடினால் பிடித்து ஜெயிலில் தள்ளுவார்கள். எனக்கென்னவோ அதைவிடக் களம்தான் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைத் தண்ணீர் வந்து விழுகிற பீலியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தேன். மாமன் மகன் விறுவிறுவென்று மேலேறி வந்தான். செய்வினைப் பேச்சு அவன் காதுக்கும் போயிருந்தது. அடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"செய்வினை வைக்கத் தெரிஞ்சவனுக்கு எடுக்கவும் தெரியும்ல? தெரிஞ்சா மொதல்ல என் வயித்துக்குல்ல எடுப்பேன்!" என்று கத்தினான்.

"ஒன் வயித்துக்கு என்ன?"

"ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலயும் எனக்கு வாந்தி வரும் மச்சான். எங்க ஆளுங்க கொட்டகைக்குப் பின்னால ஒரு வாளி வச்சிருவாங்க. எடுத்துட்டு, வாயக் கொப்புளிச்சிட்டு வருவேன். 'முடிஞ்சிச்சா? சரி வா'ம்பாங்க. அவ்வளவுதான். ஒருத்தனும் எனக்குத் தாயத்துக் கட்டல."

கீழ்க்கணக்கிலேயே பெரிய சூரன் அவன். "இத எங்க ஆளுங்ககிட்டச் சொன்னா ஒன்னச் சிரிப்பாங்களே" என்றேன்.

"சொல்லிக்க. சிரிச்சிட்டுப் போறாங்க. நீ மொதல்ல ஒழுங்கா சாப்புடு" என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்திலேயே இறங்கிப் போனான்.

அவனைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் அன்று சாயந்திரமே தலைவரிடம் போனேன். "அண்ணே, செய்வினையெல்லாம் இல்ல. எனக்குப் பயமா இருக்கு. அதுதான் மூச்சுப் புடிக்க முடியல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடா? என் சேவலாவது மிஞ்சியிருக்கும்" என்றார். பிறகு, "மொதல்ல நீ ஏற வேணாம். மூணாவதா ஏறு. முடியலேன்னா திரும்பி வந்துரு, நாங்க இருக்கோம்" என்றார். அன்றிரவு நான் அம்மாவிடம் இரண்டாம் தடவை சோறு கேட்டேன். அவள் தாயத்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆட்டத்தன்று களத்தைச் சுற்றி முழுத் தோட்டமும் நின்றது. மூன்றாவதாக ஏறினேன். பயம் போய்விடவில்லை, ஆனால் பாட்டு வந்தது. ஒருவனைத் தோளில் தொட்டுவிட்டுத் திரும்பினேன். மாமன் மகன் பாய்ந்து என் கணுக்காலைப் பிடித்தான். குப்புற விழுந்தேன். நாலைந்து பேர் மேலே விழுந்தார்கள். கோடு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கையை நீட்டி நீட்டிப் பார்த்தேன், எட்டவில்லை. பாடிக்கொண்டே இருந்தேன். தொண்டை அடைக்கத் தொடங்கியது, கண் இருட்டியது. மேல்கணக்கு மொத்தமும் என் பெயரைச் சொல்லிக் கத்தியது.

அப்போது என் முதுகின் மேல் கிடந்த அவன், என் காதோடு காதாகச் சொன்னான்: "போதும் மச்சான், மூச்ச விடு. ஒண்ணும் ஆவாது, விடு."

விட்டேன். ஒரு மாதமாக எதற்குப் பயந்து செத்தேனோ அது ஊர் பார்க்க நடந்துவிட்டது. தலை ஒன்றும் போய்விடவில்லை. மண் வாசனையோடு மூச்சு உள்ளே வந்தது, நெஞ்சு நிறைய. வெளியே வந்து உட்கார்ந்தேன். தலைவர் கொஞ்சம் தள்ளி இடம் விட்டு, "அடி பட்டுச்சா?" என்று மட்டும் கேட்டார். அந்த வருஷம் கிடாய் கீழ்க்கணக்குக்குப் போயிற்று. அதற்குப் பிறகும் நான் பல பொங்கல் ஆடினேன், பயத்தோடுதான். மூச்சு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

தலைவருக்கும் மாமன் மகனுக்கும் நான் பட்ட நன்றிக்கடன் கொஞ்சநஞ்சமல்ல. அதிலும் மாமன் மகனை நினைத்தால் இன்றைக்கும் கண் கலங்கும். அன்று அவன் பிடியைக் கொஞ்சமும் தளர்த்தவில்லை. இரக்கப்பட்டுத் தளர்த்தியிருந்தால் பிறகு நான் அவன் முகத்தில் விழித்திருக்க மாட்டேன். இறுக்கிப் பிடித்துக்கொண்டேதான் மூச்சை விடச் சொன்னான்.