தேவராஜ் சாரின் பதினேழு அங்குலச் சக்கரங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் நடந்துகொண்டிருந்தேன். எழுபத்து நான்கு வயதுக்கு நாற்பது சுற்று என்பது டாக்டர் சொன்ன கணக்கு. முப்பத்தொன்றாவது சுற்றில் இருந்தபோது ஒரு பழைய அம்பாசிடர் சரிவில் இறங்கி உள்ளே வந்தது. மூன்றாம் மாடித் தம்பியுடையது. நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். தான் பிறப்பதற்கு முன்னால் செய்த வண்டியை ஆசையாக வாங்கி, அதற்குப் பளபளவென்று நான்கு பெரிய அலாய் சக்கரங்கள் மாட்டியிருந்தார். ஊரிலிருந்து வந்த அப்பா, அம்மா, பெரியப்பா மூவரும் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சரிவு முடிகிற இடத்தில் பின்பக்கம் கர்ரென்று ஒரு சத்தம். கூடவே ரப்பர் கருகும் வாசனை. எனக்குச் சுற்று எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

"நேத்து வரைக்கும் சத்தமே இல்ல அங்கிள்," என்றார் தம்பி.

"நேத்து பின் சீட்ல யாராவது இருந்தாங்களா?"

"இல்லியே. நான் மட்டும்தான் ஓட்டிப் பாத்தேன்."

எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் பார்த்தோம். நான் கணக்கு வாத்தியார் வேறு.

தேவராஜ் சாரும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தோம். அவர் சரித்திரம். அவர் எனக்கு 'சார்', நான் அவருக்கு 'சார்'. அவர் மனைவி எஸ்தர் டீச்சர், வீட்டிலும் டீச்சர்தான். வீடு முடிச்சூரில். அப்போது அங்கே பாதி வயல், பாதி மனை. அவருடைய அம்பாசிடரின் கதவை இரண்டு தடவை அடித்தால்தான் மூடும் என்பார். என் கணக்கில் மூன்று.

அவருடைய அறுபதாவது பிறந்தநாளுக்கு மகள் கிரேஸ் நான்கு அட்டைப்பெட்டிகள் கொண்டுவந்து இறக்கினாள். உள்ளே பதினேழு அங்குல அலாய் சக்கரங்கள். வண்டியில் இருந்தவை பதினைந்து. சாருக்கு வாயெல்லாம் பல். ஆனால் மாட்டுவதற்கு நாள் பார்ப்பதற்குள், கிரேஸ் தன்னோடு வேலை பார்க்கும் ஒரு பையனைக் கட்டிக்கொள்ள முடிவு செய்திருப்பது தெரிந்துவிட்டது. பையன் கத்தோலிக்கர். அதைக்கூட சார் பொறுத்திருப்பார். தன்னிடம் சொல்வதற்கு முன் தன் அக்கா தங்கத்திடம் சொல்லிவிட்டாள் என்பதுதான் அவருக்கு ஆறவில்லை. பேச்சு நின்றது. பெட்டிகளும் பிரித்தபடியே கார் ஷெட்டில் கிடந்தன.

எட்டு மாதம். கல்யாண ஏற்பாடுகளை டீச்சரும் அக்காவும் பார்த்தார்கள். நான் போகும்போதெல்லாம் அந்த வீட்டுக் கூடத்தில் இந்த நாடகம் நடக்கும்.

"எஸ்தர், ஃபேனக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லு."

"அம்மா, அப்பாவுக்குக் குளிருதான்னு கேளு."

"குளிரலன்னு சொல்லு."

டீச்சர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "எனக்குத் தலைய வலிக்குது" என்று ஃபேனையே நிறுத்திவிடுவார். எங்களுக்கு வியர்க்கும்.

கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள் கிரேஸ் மாப்பிள்ளையோடு வெளிநாடு போவதாக இருந்தது. அதற்குள் இவர் ஒரு வார்த்தை பேசவில்லையென்றால் அப்புறம் எப்போது பேசுவார் என்பதுதான் எங்கள் எல்லோருடைய கவலையும். ஜெபக்கூட்டத்தில்கூட, பெயர் சொல்லாமல், அதற்காக ஜெபித்தார்கள். சாரும் சேர்ந்து 'ஆமென்' சொன்னார்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு என் வீட்டுக்கு வந்தார். "சார், அந்தப் பெட்டிங்க நாலும் சும்மா எடத்த அடைச்சிட்டுக் கெடக்கு. மாட்டிடலாம்னு பாக்கறேன்" என்றார், சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி.

எனக்குப் புரிந்தது. புரிந்தும் சும்மா இருந்தேனா? காகிதத்தை எடுத்து விட்டத்தைப் பெருக்கி, "சக்கரம் பெருசானா மீட்டர் கொறச்சுக் காட்டும் சார். நூறு கிலோமீட்டர் ஓடினா தொண்ணூத்தி மூணுதான் வரும்" என்றேன்.

"வரட்டும் சார்," என்றார்.

முடிச்சூர் சாலையில் கன்னியப்பன் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். அவருடைய அப்பா நெல் போட்ட இடம் அது. சக்கரங்கள் உட்கார்ந்தன, ஆனால் பழையதைவிட வெளியே துருத்திக்கொண்டு நின்றன. டயரும் அகலம். மட்கார்டு விளிம்புக்கும் டயருக்கும் நடுவே என் விரல் இரண்டுதான் நுழைந்தது. அதைச் சொன்னேன்.

"இன்னா சார், வெரல் வுட்டுப் பாத்துகினு கீறீங்க? ஓட்டிப் பாருங்க. சும்மா பேஜார் பண்ணாதீங்க" என்று கன்னியப்பன் நான்கு டயருக்கும் அடியில் நான்கு எலுமிச்சம்பழங்களை வைத்தார். சார் எங்கள் சபைக் கமிட்டியின் செயலாளர். பழங்கள் நசுங்கும்வரை எதிர்ப்பக்கம் இருந்த பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டு நின்றார்.

கன்னியப்பன் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார, திருநீர்மலை அடிவாரம்வரை போய்த் திரும்பினோம். போக வர இருபத்தாறு வேகத்தடைகள். ஒன்றில்கூட உரசவில்லை. "சோக்கா கீது சார்!" என்றார். நானும் தலையாட்டினேன். வேகத்தடைகளை எண்ணிய எனக்கு, காலியாகக் கிடந்த பின் இருக்கையில் வியாழக்கிழமை கல்யாணத்துக்குப் போக எத்தனை பேர் உட்காருவார்கள் என்று எண்ணத் தோன்றவில்லை.

மூன்று பேர். கிரேஸ், டீச்சர், நடுவில் சாரின் அக்கா தங்கம். நெல்லைச் சீமையிலிருந்து வந்திருந்த நல்ல பாரியான மனுஷி. சார் வண்டியை ஓட்ட, நான் முன்னால் அவருக்குப் பக்கத்தில். தெருமுனை வேகத்தடையிலேயே கர்ர்.

"ஏ தேவராசு, என்னமோ கருகுதுல்லா!"

இறங்கிப் பார்த்தோம். பின்டயர்கள் இரண்டும் மட்கார்டு விளிம்பில் உரசி, ஓரம் தேய்ந்திருந்தன. கோவிலுக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர். சார் தயங்கித் தயங்கி, "அக்கா, நீ ஆட்டோவில..." என்றார்.

"நான்தான் கனமுங்கியா? எட்டு மாசமா நீ நெஞ்சுல தூக்கிட்டுத் திரியிதியே, அதவிடவாலே?" என்று கேட்டுவிட்டுத்தான் அக்கா இறங்கினார். அவரைத் தனியே விடக்கூடாதென்று டீச்சரும் இறங்கினார். நான் கதவை மூடப்போனேன். அப்போது சார், ஸ்டியரிங்கைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "நீங்களும் எறங்கிக்கோங்க சார்."

இறங்கினேன். வண்டி நகர்ந்தது. நாங்கள் மூவரும் ஒரு ஷேர் ஆட்டோவைப் பிடித்தோம். ஏற்கெனவே ஐந்து பேர், எங்களோடு எட்டு. பட்டுப்புடவைகளைப் பார்த்து எல்லோரும் ஒதுங்கி இடம் விட்டார்கள். முன்னால் அம்பாசிடர் சைக்கிள் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. பின்கண்ணாடி வழியாக இரண்டு தலைகள். ஒன்று முன்னால் அசையாமல். இன்னொன்று பின்னால் அசையாமல். டீச்சர் என் கைப்பையைத் தன் கைப்பை என்று நினைத்து இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். 

பாதித் தூரத்தில் வண்டி ஓரமாக நின்றது. பின்கதவு திறந்தது. வெள்ளைப் புடவையை ஒரு கையால் அள்ளிக்கொண்டு கிரேஸ் இறங்கினாள். முன்கதவைத் திறந்து உள்ளே ஏறினாள். கதவை மூன்று தடவை அடித்து மூடினாள்.

"இன்னாம்மா இது, பொண்ணு டிரைவராண்ட போய்க் குந்திகிச்சு?" என்றார் ஆட்டோக்காரர்.

"அது டிரைவர் இல்லப்பா. அவங்கப்பா," என்றார் டீச்சர். முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கம் அக்கா, "ரெண்டு மடங்கு காத்தடிச்ச டயரு மாரி விறைச்சிட்டு இருந்த பய!" என்று மூக்கைச் சிந்தினார்.

இருபத்திரண்டு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். மணப்பெண் முன் இருக்கையிலிருந்து இறங்கியதைப் பார்த்து வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். சார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார். கண் சிவந்திருந்தது. புகையாக இருக்கலாம்.

மறுநாள் காலையில்தான் எனக்கு உறைத்தது. உரசியது பின் சக்கரம். நான் உட்கார்ந்திருந்தது முன் இருக்கை. என் ஐம்பத்தெட்டு கிலோவை இறக்கியதால் அந்த வண்டிக்குச் சொல்லும்படியான லாபம் எதுவும் இல்லை.

ஒரு மாதம் பொறுத்து, என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "வண்டியப் பத்திதான் சார். டயருக்கு எவ்ளோ காத்து வைக்கணும்னு கேட்டா," என்றார். நான்கு கிலோமீட்டருக்கும் அதையேவா பேசியிருப்பார்கள்? 

விளிம்பைத் தட்டி மடக்கித் தருவதாகவோ, இல்லை பழைய சக்கரத்தையே திரும்ப மாட்டுவதாகவோ கன்னியப்பன் எத்தனையோ முறை சொன்னார். சார் கேட்கவில்லை. மகள் கொடுத்த சக்கரத்தைக் கழற்றவும் மாட்டார், அதற்காக வண்டியை வெட்டவும் மாட்டார். மாறாக, பின் இருக்கையில் ஆள் ஏற்றுவதையே நிறுத்திவிட்டார். பத்து ஆண்டுகள் அது இரண்டு பேர் வண்டியாகவே ஓடியது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு அவரும் டீச்சரும் முன்னால். பின்னால் பாட்டுப் புத்தகமும் குடையும். "பின்னாடியே வாங்க சார்" என்பார். நான் ஆட்டோவில் போவேன். 2015 வெள்ளம் வடிந்த அன்று, வீட்டுக்குள் சேறு அள்ளுவதற்கு முன்னால் அவர் கழுவியது அந்த நான்கு சக்கரங்களைத்தான்.

அவர் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. டீச்சரைக் கிரேஸ் தன்னோடு கூட்டிப்போய்விட்டாள். தங்கம் அக்காவும் இப்போது இல்லை. வீடு இருந்த இடத்தில் பதினான்கு ஃபிளாட்டுகள். வண்டியை வேளச்சேரிக்காரர் ஒருவர் எடுத்துப்போனார். முதல் வேலையாகக் கன்னியப்பனிடம் கொண்டுவந்து பதினைந்து அங்குலச் சக்கரங்களை மாட்டிக்கொண்டாராம். கன்னியப்பன் என்னைக் கடைத்தெருவில் பார்த்தபோது சொன்னார்:

"இப்ப அஞ்சு பேரு தாராளமா குந்திகினு போலாம் சார்."

அன்று அந்த வண்டியில் ஏறியவர்கள் ஐந்து பேர். இந்த ஊரில் மிச்சம் நான் ஒருவன்.