கேள்விப்படும்வரை துடக்கில்லை

ஒஸ்லோவில் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் யாருக்காவது ஊரில் சாவு என்றால், அந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். இதற்கு நான் ஒன்றும் விண்ணப்பம் போடவில்லை. ஒருமுறை ட்வெய்ட்டாவில் ஒரு பெண்ணுக்கு அவளுடைய தகப்பன் செத்ததை அழாமல் சொல்லி, அவள் மயங்கி விழுந்ததும் தண்ணீர் தெளித்து எழுப்பிவிட்டேன். அன்று பிடித்தது சனி. "அவா திடமான ஆள், அவாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஸ்டோவ்னரில் மாடிக்குடியிருப்புப் படியில் நான் இன்னொரு பெண்ணோடு ஏறுவதைக் கண்டாலே சிலர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். சும்மா இடியப்ப உரல் இரவல் கேட்கப் போனாலும் அதே கதைதான்.

இந்தக் காரியத்துக்கு ஒரு முறை இருக்கிறது. எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஃபோனில் சொல்லக் கூடாது. தனியே போகக் கூடாது. ஒருவர் கதை கொடுக்கும்போது மற்றவர் அந்த வீட்டு ஆளின் ஃபோனை மெல்ல எடுத்து ஒளித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கனடாவில் இருக்கும் ஏதோ ஒரு சித்தப்பா முகநூலில் படத்தைப் போட்டு 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எழுதிவிடுவார். எப்படியாவது ஒரு வாய் சாப்பிட வைக்க வேண்டும், ஏனென்றால் தெரிந்த பிறகு பச்சைத் தண்ணீரும் இறங்காது. அதன் பிறகும் நேரே சொல்வதில்லை. முதலில் 'கொஞ்சம் சுகமில்லையாம்.' பிறகு 'ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கினமாம்.' பிறகு 'டொக்டர்மார் கைவிட்டிட்டினமாம்.' மூன்றாவது படியில் ஏறும்போதே கேட்பவருக்கு விளங்கிவிடும். விளங்குகிற அந்த முகத்தை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், இத்தாலியில் வைத்து என் மனுசன் இதையெல்லாம் எனக்கே செய்யப் பார்த்தார்.

பயணம் மகளின் ஏற்பாடு. அவள் ஒஸ்லோவில் பிறந்து, அங்கேயே கட்டடக்கலை படிக்கிறவள். இத்தாலியின் தெற்கு மூலையில் லெச்சே என்று ஓர் ஊர், பரோக் கட்டடங்களுக்குப் பேர்போனது, ஒருக்கால் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எனக்கு விருப்பமில்லை. "நீங்கள் ஃபேரியே எண்டு போறது லண்டனில ஒரு பிள்ளையின்ர சாமத்தியவீடு, பாரிசில ஒரு கலியாணவீடு. அது ஃபேரியேயோ அம்மா? ஒருக்கா ஒருத்தரையும் தெரியாத ஊருக்கு வாங்கோ" என்றாள். விடுமுறையைப் பற்றி நோர்வீஜிய வார்த்தையில் எனக்குப் பாடம் எடுக்கிறாள். சரி என்று கிளம்பினேன். மனுசனுக்கோ கட்டடமும் வேண்டாம், கத்தரிக்காயும் வேண்டாம். நெருப்பில் வாட்டிய ஆக்டோபஸ் சாப்பிடாமல் திரும்ப மாட்டேன் என்று விமானத்தில் ஏறும்வரைக்கும் அதே பேச்சு.

ஊர் அழகுதான், பொய் சொல்லக் கூடாது. ஊரே ஒரே மஞ்சள் கல். மெத்தென்ற கல்லாம், வெட்டி எடுத்த புதிதில் கத்தியால் சீவலாமாம். அதனால் வாசல், ஜன்னல், பல்கனி என்று ஓரிடம் விடாமல் பூவும் பழமும் பூதமும் சிறகு முளைத்த குழந்தைகளுமாகச் செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். கோயில் கோபுரம் பார்த்து வளர்ந்தவள் நான், அசரக் கூடாது என்றுதான் இருந்தேன். அசந்துபோனேன். முதல் இரண்டு நாளும் மகள் ஒவ்வொரு சுவரையும் காட்டிக் காட்டிக் கதைத்தாள், மனுசன் ஆக்டோபஸ் சாப்பிட்டார், நான் வெயிலில் கால் நீட்டி இருந்தேன். ஒருத்தரும் என்னைத் தேடி வராத ஊர் என்று எனக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது.

மூன்றாம் நாள் காலை குளித்துவிட்டு வெளியே வந்தேன். தகப்பனும் மகளும் குசுகுசுத்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்தினார்கள். மகளின் மூக்கு சிவந்திருந்தது.

"அம்மா, உங்கட ஃபோனைத் தாங்கோ. அப்டேற் செய்யோணும்."

"வடிவா வேலை செய்யுது, என்னத்துக்கு?"

"தாங்கோவன் அம்மா."

கொடுத்தேன். எனக்கு முதலில் வேறு யோசனைதான் வந்தது. பிள்ளை யாரோ ஒருத்தனை விரும்புகிறாள், தகப்பனுக்கு முதலில் சொல்லிவிட்டாள், என்னை எப்படிச் சமாளிப்பது என்று திட்டம் போடுகிறார்கள். வெள்ளையோ கறுப்போ, சைவக்காரனோ வேதக்காரனோ, சாப்பாடு ஒழுங்காகச் சாப்பிடுகிறவனாக இருந்தால் சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் தேநீர்க்கடைக்குப் போனேன்.

அங்கே மனுசன் என் தட்டில் இரண்டாவது பணியாரத்தை வைத்தார். அந்த ஊர்க்காரர் காலையில் சாப்பிடுகிற, உள்ளே பாற்களி நிறைந்த இனிப்புப் பணியாரம். எனக்கு நீரிழிவு. வீட்டில் நான் அரைக் கரண்டி சீனி போட்டாலும் நீதவான் மாதிரிப் பார்க்கிற மனுசன் இவர்.

"இன்னொண்டு சாப்பிடும். வெயிலுக்குத் தெம்பு வேணும்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வீதியைப் பார்த்தார். இது காதல் விசயமில்லை என்று பட்டது. இருந்தாலும் சாப்பிட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்கு இருந்தபோது சந்தேகம் தீர்ந்தது. பரிமாற வந்த பையனிடம் மனுசன் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். மீன் வேண்டாம், இறைச்சி வேண்டாம், மூன்று பேருக்கும் தக்காளி போட்ட பாஸ்தா மட்டும். பக்கத்து மேசையில் ஆக்டோபஸ் புகை பறக்கிறது, இவர் திரும்பியும் பார்க்கவில்லை. காலையில் எனக்கு ஊட்டின பணியாரத்தில் முட்டை போட்டிருக்கும் என்று அந்த மனுசனுக்கு எங்கே தெரியப்போகிறது! ஆனால் மீனும் இறைச்சியும், எங்கள் பேச்சில் மச்சம், விலக்கியாயிற்று. எங்கள் வீடுகளில் வெள்ளியும் இல்லாமல் விரதமும் இல்லாமல் ஒரு ஆள் மச்சத்தை விலக்கினால், எங்கேயோ ஒரு பிரேதம் கிடக்கிறது என்று அர்த்தம்.

ஃபோன் போய்விட்டது. சாப்பாடு வருகிறது. ஒஸ்லோவுக்குப் போகும் விமானம் அடுத்த நாள். மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் என் மச்சாள்தான் 'அங்கை வைச்சுச் சொல்லாதேங்கோ, வீட்டை கூட்டிக்கொண்டு வாங்கோ, நாங்கள் நிப்பம்' என்று சொல்லியிருப்பாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். என் வீட்டு வாசலில் கழற்றிக் கிடக்கப்போகிற சப்பாத்துகள்கூட எனக்குத் தெரிந்தன.

யார்?

என் பக்கமா அவர் பக்கமா? அவருக்கு ஊரில் தமக்கை இருக்கிறார். ஆனால் அழாமல் பாஸ்தா தின்கிறாரே. முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தேன். கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் சொல்லிவிடுவார். சொன்னால் ஒருவர் செத்துப்போவார். கேட்காதவரைக்கும் எனக்கு எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். இத்தனை வருசமாக நான் போய்க் கதவைத் தட்டிய வீடுகளில் அந்தச் சனம் ஏன் என்னைக் கேள்வி கேட்காமல் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மகள் முதலே நுழைவுச்சீட்டு எடுத்து வைத்திருந்தாள், திருச்சிலுவைப் பேராலயத்துக்கு. அந்த ஊரில் பார்க்க வேண்டிய முதல் இடம் அதுதான். நடந்து போனோம். முகப்பின் நடுவே நீளமாக ஒரு பல்கனி. அதன் கீழே மனிதரும் மிருகமும் பறவையுமாகக் குந்தியிருந்து, அந்தப் பாரம் முழுவதையும் தோளில் தாங்குகிற மாதிரிச் செதுக்கியிருக்கிறார்கள். ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். நான் அவனையே பார்த்தேன்.

வாசலில் மனுசன் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீர் உள்ளுக்குப் போக வேண்டாம். நானும் பிள்ளையும் போட்டு வாறம். நீர் நிழலில இரும்."

"ஏனாம்?"

"உள்ளுக்குச் சனம்."

"உங்களுக்குச் சனம் இல்லையோ?"

அவர் போகலாம், நான் போகக் கூடாது. சாவீட்டுத் தீட்டை நாங்கள் துடக்கு என்போம். துடக்குக்காரர் கோயிலுக்குள் போவதில்லை. அந்த மனுசன் இத்தாலிக்காரனுடைய தேவாலயத்துக்கும் அதே சட்டத்தைப் போட்டுவிட்டார். வேறு நேரமென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அப்போது சிரிப்பு வரவில்லை. துடக்கு எனக்கென்றால் செத்தது என்னுடைய ஆள். என்னுடைய ஆள் என்று ஊரில் இருப்பது இரண்டே பேர். எண்பதைத் தாண்டிய அம்மா, அவருக்கு மாமி. அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் என் ஒரே தம்பி.

தம்பிக்குப் போன வருசம் மாரடைப்பு வந்தது. நெஞ்சுக்குள் சின்னக் குழாய் வைத்து அனுப்பினார்கள். வைத்தியர் சொன்ன ஒன்றையும் கேட்க மாட்டான். ஹெல்மெட்டைக் கையில் கொழுவிக்கொண்டு மோட்டார்சைக்கிள் ஓடுவான். இரண்டு பெண்பிள்ளைகள், சின்னவள் இப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியவள்.

நான் மனுசனின் கையை உதறினேன். "எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லைத்தானே? கேள்விப்பட்டால்தான் துடக்கு. நான் போறன்."

அவர் வாயைத் திறந்தார். "இப்ப வாயைத் திறக்காதேங்கோ!" என்றேன். வாசலில் நின்ற காவலாளி திரும்பிப் பார்த்தான். மகள் அழத் தொடங்கிவிட்டாள். நான் உள்ளே போனேன்.

உள்ளே குளிர். இரண்டு பக்கமும் சிறு பீடங்கள், முறுக்கிய தூண்கள், கண்ணுக்கு எட்டாத உயரத்தில் மரக்கூரை. ஒன்றும் மனதில் ஏறவில்லை. ஒரு மாதா சொரூபம் தேடினேன். மடுமாதாவுக்கு நேர்த்தி வைக்காத யாழ்ப்பாணத்துச் சைவக்காரி யார்? ஓரத்தில் ஒரு பீடத்தில் கண்டதும் முழந்தாளில் விழுந்தேன். என்ன கேட்பது? நடந்தது நடந்து முடிந்திருக்கும். முடிந்ததை மாற்ற எந்தச் சாமியாலும் முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு இன்னும் சொல்லவில்லையே. சொல்லாதவரைக்கும் இரண்டு பேரும் அங்கே இருக்கிறார்கள், ஒருவரை எடுக்கலாம், ஒருவரை விடலாம் என்று என் புத்தி எனக்குக் கணக்குச் சொன்னது.

"மாதாவே, அம்மாவாயிருக்கட்டும்."

வாய்விட்டுத்தான் சொன்னேன். சொன்னதும் என் வாயை நானே பொத்தினேன். பெற்ற தாயைக் கொடுக்கிறேன் என்று ஒரு கல்லுக்கு முன்னால் முழந்தாளிட்டுச் சொல்கிறேன். என் உடம்பெல்லாம் கூசியது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை. இன்னொரு முறையும் சொன்னேன். "தம்பியை விட்டிடு. அம்மாவாயிருக்கட்டும்."

வெளியே வந்தேன். வெயில் கண்ணில் குத்தியது. மனுசன் படிக்கட்டில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றார், பக்கத்தில் மகள்.

"இஞ்சேரும், கொஞ்சம் இரும்" என்றார். "ஊரில கொஞ்சம் சுகமில்லையாம்..."

"படிப்படியா ஏறாதேங்கோ. இந்தப் படியெல்லாம் நான் மற்றச் சனத்துக்கு ஏறிக் காட்டினவள். ஆர்?"

"ஆஸ்பத்திரிக்கு..."

"ஆரெண்டு சொல்லுங்கோ!"

மனுசனின் கண் நிரம்பிவிட்டது. "மாமி" என்றார். "விடியப்புறம், நித்திரையிலேயே."

"அப்பாடா" என்றேன்.

அதுதான் என் வாயில் முதலில் வந்தது. 'ஐயோ' இல்லை, 'அம்மா' இல்லை. இருபது கிலோ அரிசி மூட்டையை இறக்கி வைத்தவள் மாதிரி மூச்சு விட்டேன். மனுசன் என்னை முன்பின் தெரியாத ஆளைப் போலப் பார்த்தார். மகள் அழுகையை நிறுத்திவிட்டாள்.

"தம்பியை ஃபோனில எடுத்துத் தாங்கோ" என்றேன்.

மகள் எடுத்துத் தந்தாள். "அக்கா" என்று அந்தப் பக்கம் கதறினான். அம்மா முதல்நாள் இரவு என்ன சாப்பிட்டா, எப்போது படுத்தா, யார் முதலில் கண்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் "பிறகு?", "பிறகு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அம்மாவின் கடைசி நேரத்தை அறியக் கேட்கிறேன் என்று அவன் நினைத்தான். எனக்கு அவன் குரல் நிற்காமல் வந்தால் போதுமாக இருந்தது.

ஒஸ்லோவில் நான் நினைத்தபடியேதான் எல்லாம் நடந்தது. வாசல் முழுக்கச் சப்பாத்து. மச்சாள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தாள். நான் அழவில்லை. "அதிர்ச்சியில இறுகிப்போனா" என்று குசினிக்குள் கதைத்தார்கள். மனுசனும் மகளும் என்னுடைய 'அப்பாடா'வை ஒருவருக்கும் சொல்லவில்லை. நான் செத்தவீடுகளில் மற்றவர்களுக்குச் சொல்கிற ஆறுதல் எல்லாவற்றையும் எனக்குச் சொன்னார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. தாய் செத்ததைக் கேட்டு நிம்மதிப்பட்டவளுக்கு எதற்கு ஆறுதல்?

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த அன்று தம்பி கூப்பிட்டான். படையலுக்கு என்னென்ன வைத்தார்கள், யார் யார் வந்தார்கள் என்று கதைத்துக்கொண்டிருந்தவன் இடையில் நிறுத்தினான்.

"அக்கா, உங்களுக்கு ஒண்டு சொல்லேல்லை. எனக்கு ஹார்ட் அட்டாக் வந்த நாளில இருந்து அம்மா விளக்குக் கொழுத்தேக்கை ஒவ்வொரு நாளும் ஒண்டுதான் கேட்டவா. 'அவனுக்கு முதல் என்னை எடு.' நான் பேசுவன், 'வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரணை' எண்டு. கேக்கமாட்டா. சத்தமாத்தான் கேப்பா. கடைசியில கேட்டதைக் குடுத்திட்டார் அக்கா."

குசினியில் நின்ற இடத்திலேயே தரையில் இருந்துவிட்டேன். "அக்கா? அக்கா?" என்று அவன் கூப்பிட்டான். மகள் ஓடி வந்து ஃபோனை வாங்கி, "மாமா, அம்மா அழுறா" என்று சொன்னாள்.