மேகசினை எடுத்த பிறகு

1937 மார்ச் 9, செவ்வாய். கணக்கெழுதும் கிராணி நான்; ஐந்தரைக்குக் கிடங்குக் கணக்கை மூடினேன். புதுக் காவலாளி கைத்துப்பாக்கியையும் அதன் தோட்டாக் கூடான மேகசினையும் என் மேசைமேல் வைத்தார்.

“மேகசின எடுத்துட்டேன், கிராணி. காலி.”

அடகுக்கடைக் காவலரான அப்பாவும் சிராங்கூன் ரோட்டு வீட்டில் தினமும் இதையே சொல்வார். என் எட்டாவது வயதில் ஒருநாள், கருவாடு வறுத்த கரண்டியோடு அம்மா வந்து நின்றாள்.

“புள்ள தூங்குது. இழுத்துக் காட்டுங்க.”

“பெரிய சார்ஜன்ட் இவ,” என்று சிரித்தபடி அப்பா துப்பாக்கியின் மேற்பாகத்தைப் பின்னுக்கு இழுத்தார். குழலுக்குள் தங்கியிருந்த தோட்டா ஒன்று துள்ளித் தங்கையின் பாயில் விழுந்தது. வெகுநேரம் யாரும் அதைத் தொடவில்லை. அடுப்பில் கருவாடு கருகியது.

இன்று நான் இழுத்துக் காட்டச் சொல்லாமல் வந்துவிட்டேன். தூக்கம் வரவில்லை.

10, புதன். முதல் வேலையாகக் காவலாளியிடம் துப்பாக்கியை மணல் வாளிப் பக்கம் திருப்பி, மேற்பாகத்தை இழுக்கச் சொன்னேன்.

“காலின்னு சொன்னேனே லா.”

காலிதான். மறுபடி இழுக்கச் சொன்னேன்.