சிங்களத்தில் சொல்லாத பாதி

ஒரு பெண் பேசியதில் பாதியை நான் விழுங்கினேன். வாய் தவறி அல்ல, தெரிந்தேதான். இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

மன்னார்த் தீவில் நான் மொழிபெயர்ப்பாளன். தமிழ் தெரியாத அதிகாரிகள் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். பேசாலைப் பக்கம் காற்றாலை அமைப்பது, அதன் பாரவண்டிகள் போக வீதியை உயர்த்துவது பற்றி ஊர்மக்களோடு கூட்டம் வைத்தபோதும் கூப்பிட்டார்கள்.

நான் காற்றாலையின் பக்கம். இன்றும் அப்படித்தான்! நிலக்கரி என்றால் சாம்பல். டீசல் கப்பலில் வரவேண்டும். மழை பொய்த்தால் நீர்மின்சாரமும் இல்லை. எங்கள் தீவிலோ காற்று சும்மா அடித்துக்கொண்டு கிடக்கிறது... ஆடி மாதம் சோற்றுக் கோப்பைக்குள் மணலைக் கொண்டுவந்து போடுகிற காற்று! இந்த நல்ல காரியம் ஆளாளுக்குக் கேட்கும் கேள்விகளால் இழுபடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

திரேசா அக்கா எழுந்தார். கருவாடு போட்டு விற்பவர். அதிகாரி பேசும்போதெல்லாம் "ஓம்... ஓம்..." என்று தலையாட்டிக்கொண்டிருந்தவர். எங்களிடையே அந்த 'ஓம்' சம்மதமாகவும் இருக்கும், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதாகவும் இருக்கும். அதிகாரிக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச்சொல் அதுதான்.

"காத்தில கரண்ட் எடுக்கிறது நல்லதுதான் தம்பி. ஆனா அதுக்கு றோட்டை உயர்த்தினா, மாரிக்கு எங்கட வளவுத் தண்ணி எங்கால கடலுக்குப் போறது? கேட்டுச் சொல்லு."

"நல்லது என்கிறார்" என்று சிங்களத்தில் சொன்னேன். அவ்வளவுதான்!

"அப்படியானால் சம்மதம்தானே?" என்று அதிகாரி கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் எழுதிக்கொண்டார்.

அக்கா பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "தண்ணி போக வழி செய்வினமாம் அக்கா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் உட்கார வேண்டும் என்பதற்காக... வேறெதற்கு?

வீதி உயர்ந்தது, காற்றாலைகள் சுழன்றன. அந்த மாரியில் அக்காவின் வீட்டு வளவில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. குசினிக்குள் அடுப்பு வரை புகுந்தது. கருவாடு முழுக்கப் புழுத்துப்போனது. மறு மாரியும் அப்படியே.

அன்றே நான் அவர் கேள்வியை முழுதாகச் சொல்லியிருந்தால் ஒரு மதகு கட்டியிருப்பார்களா? தெரியாது. கட்டாமலும் விட்டிருக்கலாம். காற்றின் மீது பிழையில்லை. பிழை என்னுடையது.

போன கிழமை சந்தையில் அக்காவைக் கண்டேன்.

"நீ அண்டைக்கு வடிவாத்தான் சொன்னனீ தம்பி. அவங்கள்தான் காதில போடேல்ல. திரும்பவும் கூட்டமாம். நீதான் வரவேணும். வேற ஆக்களை நான் நம்பமாட்டன்."

அங்கேயே சொல்லியிருக்கலாம்... வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

"வாறன் அக்கா" என்றேன்.

வருகிற செவ்வாய் கூட்டம். அவர் அதே கேள்வியைக் கேட்பார். நான் ஒரு சொல் விடாமல் சொல்வேன். இரண்டாம் தடவையும் கேட்கிறேனே என்று அவர் கோபப்படுவார். அதிகாரிகள் அதை முதல் தடவையாகக் கேட்கிறார்கள் என்பது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.