புளிச்சகீரைக்கு வந்த போலீஸ்

துறைமுகத்தில் மூட்டை தூக்கித்தான் நான் ஆளானேன். அரிசி மூட்டையை முதுகில் ஏற்றினால் உள்ளே இருப்பதும் செடி கொடுத்தது, மேலே சுற்றிய சாக்கும் செடி கொடுத்தது, ராத்திரி தோள்வலிக்குப் பற்றுப் போடுவதும் செடி கொடுத்தது. மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்தப் பாடத்தை என் முதுகுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. பிறகு கிழிந்த சாக்குகளை வாங்கி, கோணி ஊசியால் தைத்து விற்றேன். இன்று திருவொற்றியூரிலிருந்து சாத்தாங்காடு போகும் ரோட்டில் இருக்கிற சாக்குக் குடோன் என்னுடையது. எவனிடமும் கைகட்டி நின்று சம்பாதித்ததல்ல.

குடோனுக்குப் பின்னால் லாரி திரும்ப முடியாத ஒரு துண்டு நிலம். அதில் வருஷா வருஷம் புளிச்சகீரை போடுவேன். மார்க்கெட்டில் கட்டாக வாங்குகிறவர்கள் முழங்கால் உயரச் செடியின் இலையைத்தான் பார்த்திருப்பார்கள். நான் சமையலுக்குப் பறித்தது போக மீதியை நாருக்காக விட்டுவிடுவேன். விட்டால் ஆள் உயரத்தைத் தாண்டிப் போகும். சணல் மாதிரியே நார் உரியும். சாக்கு தைக்க அதற்கு ஈடு நான் பார்த்ததில்லை. விதையை அரைத்துத் தோளில் பூசிக்கொண்டால் மறுநாள் கை தூக்கலாம். சோறு, கயிறு, மருந்து எல்லாம் அந்த ஒரே செடிதான். ஆனால் உயரம் போகப் போக மேல் இலைகள் விரல் விரலாகப் பிளந்து, ஓரமெல்லாம் ரம்பப் பல்லாக நிற்கும். வம்பு அந்த இலையால் வந்தது.

எதிரே புதிதாக எழும்பிய அடுக்குமாடியிலிருந்து யாரோ அதைப் போட்டோ எடுத்துப் போலீசுக்கு அனுப்பிவிட்டார்கள். காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு எஸ்.ஐ.யும் ஒரு கான்ஸ்டபிளும் கேட்டைத் தள்ளிக்கொண்டு நேராகப் பின்பக்கம் போனார்கள்.

“இன்னா பெரிசு, முன்னால சாக்கு, பின்னால கஞ்சாவா?” என்றார் கான்ஸ்டபிள்.

“கஞ்சா இல்ல நைனா. புளிச்சகீரை.”

“எங்க வூட்ல கீரை ஆக்கறதே இல்லியா? கீரை இம்மா ஒசரமா நிக்கும்? இந்தக் கதைய புழல் ஜெயில்ல போயி சொல்லு.”

எஸ்.ஐ. போனில் இருந்த படத்தையும் செடியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கேஸ் விழுந்தால் குடோனும் என் பெயரும் ஒரே நாளில் போய்விடும். குடோன் மாடியில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து என் சம்சாரம் இறங்கி வந்தாள்.

“நேத்து இதைத்தான் கடைஞ்சி ஊத்துனேன் சார். துன்னுட்டு ஏப்பம் வுட்டாரு. வேற ஒரு மப்பும் ஏறல.”

நான் ஒரு செடியை வளைத்துக் கான்ஸ்டபிள் பக்கம் நீட்டினேன். “தண்டைத் தடவிப் பாரு மாமு.” தடவினார். பொடிமுள் ஏறிக் கையை உதறினார். “கஞ்சாவுல முள்ளு எங்க கீது?” என்று கேட்டுவிட்டு ஒரு இலையை வாயில் போட்டு மென்றேன். இன்னொன்றை எஸ்.ஐ.யிடம் கொடுத்தேன். முகர்ந்தார், ஓரத்தைக் கடித்தார், முகம் கோணியது.

“புளிக்குதுய்யா.”

“பேரே அதான் சார்.”

சிரித்துவிட்டார். அதோடு போயிருந்தால் நானும் சிரித்திருப்பேன். “சரி பெரியவரே, கீரைதான். ஆனா இன்னிக்கே எல்லாத்தையும் பிடுங்கிடுங்க. நாளைக்கு வேற யாராவது போன் பண்ணுவாங்க, நாங்க திரும்ப வரணும்” என்றார்.

“இன்னாத்துக்கு பேஜாரு? புடுங்கிடேன்” என்று சம்சாரம் என் காதைக் கடித்தாள்.

“புடுங்க மாட்டேன் சார்” என்றேன். “கஞ்சான்னா இப்பவே என்னை இட்டுனு போங்க. கீரைன்னா அது நிக்கும்.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். சொன்னது வெறும் வீம்பில்லை. இதே செடி அடையாறில் ஒரு பால்கனியில் நின்றால் அதற்குப் பெயர் மாடித்தோட்டம். எங்கள் பக்கம் நின்றால் கஞ்சா. ஆளைப் பார்த்து எடை போட்டவர்கள் இப்போது எங்கள் இலையையும் எடை போட ஆரம்பித்துவிட்டார்கள். நான் பிடுங்கியிருந்தால் அந்த எடை சரி என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி.

செடி நின்றது. மஞ்சளாகப் பூத்தது, விதை முற்றியது. அப்புறம் என் இஷ்டத்துக்குத்தான் அறுத்து, நார் உரியத் தண்டுகளைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டேன். ஊறினால் நாறும்தான். அடுக்குமாடியிலிருந்து ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கு வந்தார்.

“பெரியவரே, நாத்தம் தாங்கல.”

“எண்ணூர்க் கம்பெனி நாத்தம் காத்துல அடிக்கச் சொல்லோ யாருக்கு போன் பண்ணே? அந்த நம்பர எனக்கும் குடு, ரெண்டு பேருமா பண்லாம்.”

மூக்கைப் பொத்தியபடியே திரும்பிப் போனார். உரித்த நாரைத் திரித்து, அன்று போலீஸ் தள்ளியதும் திறந்துகொண்ட கேட்டை இறுக்கிக் கட்டினேன். துறைமுகத்தில் கற்ற முடிச்சு. இனி யார் வந்தாலும் புளிச்சகீரையை அவிழ்த்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

புது விதையையும் தூவிவிட்டேன். பின்பக்கம் அல்ல, முன்னால், ரோட்டோரமாக, எதிர் அடுக்குமாடியிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்படி.